அண்ணாச்சி தொடாத டீ

அந்த ரொட்டித் துண்ட எடு தம்பி. கால்கிட்ட விழுந்து கெடக்கு பாரு, அதான். எடுத்துட்டியா? இப்ப அதுக்கு ஒரு முத்தம் குடு. சிரிக்காத. டிரைவர் கண்ணாடியில பாத்துக்கிட்டே வாரான். முத்தம் குடுத்துட்டு மேல அந்தப் பலகையில வையி. காலடியில ரொட்டி கெடந்தா இந்த ஊர்க்காரனுக்கு மனசு பொறுக்காது. நாம காயிதத்துல கால் பட்டா தொட்டுக் கும்பிடுதோம்லா, அது மாதிரின்னு வச்சுக்கயேன். அல்ஜீரியாவுல வந்து எறங்கினவன் படிக்க வேண்டிய மொதப் பாடம் இது.

பேரு என்ன சொன்ன? சேர்மத்துரையா. ஊரு ஏரலு. நல்லது. நமக்கு உடன்குடி. மாசிலாமணின்னு பேரு, ஆனா கேம்புல ஒருத்தனும் பேரச் சொல்ல மாட்டான், அண்ணாச்சிதான். கேம்ப் பாஸ்னு போர்டு மாட்டி ஏசி ரூம் குடுத்துருக்கான் கம்பெனி. யாருக்கு எந்தக் கட்டிலு, யாருக்கு எப்ப லீவு, மெஸ்ஸுல இன்னைக்கு சாம்பாரா ரசமா, எல்லாம் நான் சொல்லுததுதான். கேஸ் பைப்பு போடுத வேலை. வெல்டரு, ஃபிட்டரு, கிரைண்டருன்னு பூராவும் நம்ம பக்கத்துப் பயலுவதான். உனக்கு கிரைண்டிங்தானே? ஆமா, ஒரு கிரைண்டர் எடம் காலியாக் கெடந்துச்சு. அது ஒரு கதை. சொல்லுதேன். கேம்பு போயிச் சேர இன்னும் வெகுநேரம் ஆகும், வெளிய பாக்கவும் ஒண்ணும் கெடையாது, மணல்தான்.

பாஸ்போர்ட்ட ஏர்போர்ட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டேன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்காத. எல்லார்கிட்டயும் வாங்குததுதான். உன் கையில இருந்தா தொலைச்சிருவ. என் பீரோவுல இருந்தா பத்திரம்.

பழக்கவழக்கம் சொல்லுதேன், கேட்டுக்க. சலாம் சொன்னா அதோட நிறுத்தாத. சுகமா, வீட்டுல சுகமா, ஒடம்பு சுகமா, வேலை எப்பிடி, வெயிலு எப்பிடின்னு மூச்சு வாங்காமக் கேக்கணும். அவனும் கேப்பான். ரெண்டு பேரும் பதிலே சொல்ல வேண்டாம், கேட்டாப் போதும். பொண்டாட்டியப் பேரு சொல்லி விசாரிச்சிராத, வீட்டுல எல்லாரும் நலமான்னு பொத்தாம்பொதுவாக் கேளு. ஒரே தாம்பாளத்துல சோறு வைப்பான், சுத்தி ஒக்காந்து திங்கணும். உனக்கு முன்னால இருக்கத மட்டும் திங்கணும். நடுவுல இருக்க கறித்துண்ட வீட்டுக்காரனே எடுத்து உன் பக்கம் தள்ளுவான், நீயாக் கைய நீட்டுனா கேவலம். வலது கை. போட்டா எடுக்கதா இருந்தா கேட்டுட்டு எடு. செக்போஸ்ட்டுல கேக்கவே கேக்காத, எடுக்கவும் எடுக்காத.

அப்பறம் டீ. இது முக்கியம். டீன்னா நம்ம ஊரு டீ இல்ல, பால் கெடையாது. புதினாத் தழையும் சீனியும் போட்டு, கரி அடுப்புல சுண்டக் காய்ச்சி, சின்னக் கண்ணாடிக் கிளாஸுல ஒசரத் தூக்கி ஊத்துவான். மூணு தடவை ஊத்துவான். மூணையும் குடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். வீடு தேடி வந்தவன் டீயத் தொடாமப் போனான்னு வையி, அந்த வீட்டுக்கு அத விடத் தலகுனிவு கெடையாது. சாவு விழுந்த மாதிரி.

இதெல்லாம் யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தான்னு நெனைக்க? லக்தர்னு ஒருத்தன். கேம்புக்குத் தண்ணி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தான். நல்ல மனுசன், தங்கமான மனுசன். கொஞ்சம் கிறுக்கன்.

தண்ணி எறங்குத வரைக்கும் என் ரூம் நெழல்ல ஒக்காந்து பேசுவான். அப்பிடி ஒரு நாள் சொன்னான். லக்தரு சின்னப் பிள்ளையா இருக்கையில அவன் சித்தப்பன் ஒருத்தன் கைகலப்புல பக்கத்துக் குடும்பத்துப் பயல அடிச்சுக் கொன்னுட்டானாம். லக்தரோட அய்யா நேரா அந்தச் செத்தவன் வீட்டுக்கே போயி ஒக்காந்துருக்காரு. வந்த எதிரிக்கும் டீ வச்சுருக்கான் செத்தவனோட அப்பன். இவரு தொடல. 'எந்தம்பிய மன்னிச்சேன்னு வாக்குக் குடு, அப்பத்தான் தொடுவேன்'னு ஒக்காந்துட்டாரு. டீ ஆறுது, கொட்டிட்டு வேற ஊத்துதான். அதும் ஆறுது. பெத்த பிள்ளையப் பறிகுடுத்தவன், கடைசியில 'குடிய்யா'ன்னு சொல்லிட்டு அழுதானாம். முடிஞ்சுது பகை. லக்தரு இதச் சொல்லும்போது கண்ணத் தொடைச்சுக்கிட்டான். உசுரு போற காரியத்துக்கு மட்டும்தான் இப்பிடி ஒக்காரணும், லேசுப்பட்ட காரியத்துக்கு ஒக்காந்தா பாவம்னான். நான் மனசுல வாங்கி வச்சுக்கிட்டேன். நமக்கு எதுவும் வீணாப் போவாது.

சரி, கிரைண்டருக்கு வாரேன். ஞானதிரவியம்னு பேரு, சாத்தான்குளத்துக்காரன். சாதுவான பய. ஒரு நாள் பைப்பு மூட்டக் கிரைண்டு பண்ணும்போது இரும்புத் துணுக்கு கண்ணுல தெறிச்சிருச்சு. ஏல, கண்ணாடி போட வேண்டியதுதானேன்னு கேட்டேன். கண்ணாடி பூராக் கீறலு அண்ணாச்சி, ஒண்ணுமே தெரியல, அதான் கழத்தினேன்னான். புதுசு கேட்டுப் பல தடவை வந்தேனேன்னான். வந்துருப்பான். ஸ்டோர்ல புதுசு பெட்டி பெட்டியா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆடிட்டுக்கு வாரவன் திறந்து பாத்து திருப்தியாகணும்லா. எல்லாத்தையும் இவனுவளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டா அவனுக்கு என்னத்தக் காட்டுதது?

சொட்டு மருந்து குடுத்தேன். உருளைக்கிழங்க வட்டமா வெட்டிக் கண்ணுல வச்சுக் கட்டுலன்னேன். எங்க காலத்துல வெல்டருமாருக்கு அதுதான் வைத்தியம். பய கேக்கல. கண்ணு வீங்கி, செவந்து, சீழு வைக்க ஆரம்பிச்சுட்டு. 'ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க அண்ணாச்சி, இல்லன்னா பாஸ்போர்ட்டக் குடுங்க, நான் ஊருக்குப் போயி மதுரையில காட்டிக்கிடுதேன், கண்ணு போயிரும் அண்ணாச்சி'ன்னு ரூம் வாசல்லயே நிக்கான்.

என் நெலமையையும் நீ பாக்கணும். கேம்பு வாசல்ல ஒரு போர்டு இருக்கு, நீயும் எறங்கினதும் பாப்ப. விபத்து இல்லாம எத்தன நாள் ஓடிருக்குன்னு நம்பர் போட்டுருக்கும். தெனமும் காலையில நானே என் கையால மாத்துவேன். ஒரு பய ஆஸ்பத்திரிக்குப் போனான்னாக்கூட நம்பரு பூச்சியமாயிரும். நல்ல பெரிய நம்பரா வந்து நிக்கி. அந்த மாசக் கடைசியில பாரீஸ்ல இருந்து பெரிய தொரை ஒருத்தன் வந்து எனக்கு ஷீல்டு குடுக்கதா ஏற்பாடு. மேடைக்குச் சொல்லியாச்சு, பொன்னாடைய ஊர்ல இருந்து ஆள் மூலமா வரவழைச்சாச்சு. இந்த நேரத்துல கண்ணக் கொண்டாந்து நீட்டுனா? எந்தப் பயலுக்கும் அடுத்தவன் கஷ்டம் தெரியுததில்ல தம்பி.

பொறுத்துக்கல, மாசம் முடியட்டும்னேன். அன்னைக்குத் தண்ணி லாரி வந்துட்டுப் போச்சு. பின்னால பாத்தா பயலக் காணோம்.

லக்தர்தான் கூட்டிட்டுப் போயிருக்கான். கண்ணப் பாத்துருக்கான், கையப் பிடிச்சு லாரியில ஏத்திருக்கான். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கல. ஊருக்குள்ள அவன் வீட்டுலதான் வச்சுருக்கான்னு மறுநாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தா வண்டி ஓட்டுதானே கமால், இவன்தான் சொன்னான். சொல்லலன்னா வேலை போயிரும்னு சொன்னேன், சொல்லிட்டான். லக்தரோட மச்சான் டவுன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டராம். சீக்கிரம் துணுக்க எடுத்துட்டா கண்ணு தப்பிச்சிரும்னு போன்ல சொல்லிருக்கான். பாஸ்போர்ட் இல்லாத ஆள டவுனுக்குப் போற வழியில செக்போஸ்ட்டுல மறிச்சிருவான்லா. அதனால வெள்ளிக்கிழமை மச்சானே ஆஸ்பத்திரி வண்டியக் கொண்டாந்து ஏத்திட்டுப் போறதாப் பேச்சு. அந்த வண்டிய எவனும் மறிக்க மாட்டான்.

நான் வியாழக்கிழமையே போயிட்டேன்.

போலீசு கீலீசுன்னு போகல. அதுக்கெல்லாம் புத்தி வேணும் தம்பி. இந்த நாட்டுல ஒருத்தன் விருந்தாளின்னு வாசல்ப்படி ஏறிட்டா மூணு நாளைக்கு அவன் யாரு எவருன்னு கேக்க மாட்டான், யாரு வந்து கேட்டாலும் விட்டுக் குடுக்க மாட்டான். அடிச்சாலும் குடுக்க மாட்டான். அப்ப என்ன செய்யணும்? நானும் விருந்தாளியாத்தானே போகணும்?

வெள்ளைச் சட்டை போட்டேன். வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுல்ல. நம்ம கருப்பட்டி மாதிரி இங்க சீனியக் கூம்பா வார்த்து நீலத்தாள்ல சுத்தி விப்பான், அதுல ஒண்ணு, நல்ல டீத்தூள் ஒரு பொட்டலம். என் அரபி அரைகுறை, நான் தமிழ்ல சொல்லுதத எடுத்துச் சொல்ல கமால் கூட வந்தான், அவனுக்கு நம்ம பயலுவகிட்ட தமிழ் பழக்கம். செருப்பக் கழத்தி, சலாம் சொல்லி, சுகமா சுகமான்னு எல்லாருக்கும் கேட்டு, சம்மணம் போட்டு ஒக்காந்தேன். லக்தருக்கு மொகம் வெளுத்துப் போச்சு, ஆனாலும் எந்திரிச்சு வந்து என் தோளத் தொட்டு வரவேத்தான். வழக்கம் அப்பிடி. வீட்டுக்கு விருந்தாளி வந்தான்னு அவன் அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பெரிய மனுசங்க எல்லாரும் வந்து சுத்தி ஒக்காந்துட்டாங்க. அவன் வீட்டுக்காரி ஸொஹ்ரா திரைக்குப் பின்னால இருந்து ரொட்டி அனுப்பினா. லக்தரே அடுப்பு மூட்டி டீ ஊத்தி என் முன்னால வச்சான்.

நான் தொடல.

அவ்வளவுதான் தம்பி. ஒரு சத்தம் போடல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தேன். மொதல்ல அவனுக்குப் புரியல. குடியுங்க அண்ணாச்சின்னான். எங்கூடச் சேந்து அண்ணாச்சிங்கத மட்டும் தமிழ்லயே சொல்லுவான். 'உன்கிட்ட ஒண்ணு கேட்டு வந்துருக்கேன். தாரேன்னு சொல்லு, குடிக்கேன்'னேன். அப்பத்தான் புரிஞ்சுது. டீ ஊத்துத கெட்டிலக் கீழ வச்சுட்டான். சுத்தி இருந்த பெரியாளுங்க எல்லாரும் தரையப் பாக்காங்க.

'அண்ணாச்சி, வேற எது வேணும்னாலும் கேளுங்க'ங்கான். 'உள்ள இருக்கவன் என் உப்பத் தின்னவன். அவன் கண்ணு போயிரும். நாளைக்கு ஒரு நாள், அப்பறம் நானே கூட்டிட்டு வந்து விடுதேன்'ங்கான். 'லாரிய எடுத்துக்கோங்க. ஆடு அத்தனையும் ஓட்டிட்டுப் போங்க'ங்கான். வியாழக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேம்பா, ஆடு எனக்கெதுக்குன்னேன். கமாலு அத அரபியில சொல்ல மாட்டேங்கான். நானே சொன்னேன்.

டீ ஆறிப் போச்சு. அதக் கொட்டிட்டு வேற ஊத்தினான். அதும் ஆறுச்சு. ரொட்டி மேல ஈ ஒக்காருது. லக்தரோட பெரியண்ணன் எந்திரிச்சுப் போயி வாசல்ல முதுகக் காட்டிட்டு நிக்கான். திரைக்குப் பின்னால அந்தப் பொம்பள அழுதா. மூணாவது கிளாஸ ஊத்தி என் முன்னால வைக்கும்போது லக்தரு என் முழங்காலத் தொட்டான். ஆறடி ஆளு. 'நான் உங்களுக்குச் சொன்ன கதையில ஒருத்தன் செத்துருந்தான் அண்ணாச்சி'ன்னான். அதுக்கென்ன இப்ப? கதைன்னு சொன்னா நாலு பேருக்குப் பிரயோசனப்படணும்.

அப்பத்தான் திரை வெலகுது. திரவியம். ஒரு கண்ணுல ஈரத்துணி கட்டிருக்கான், கன்னமெல்லாம் வீங்கிக் கெடக்கு. சுவரப் பிடிச்சுக்கிட்டே வந்து என் முன்னால நின்னான்.

'டீயக் குடிங்க அண்ணாச்சி. இவுகளத் தலகுனிய வைக்காதீய. நான் வாரேன்.'

லக்தரு குறுக்க விழுந்து அவன் கையப் பிடிச்சான், வேண்டாம், போகாதங்கான். திரவியத்துக்கு அரபி தெரியாது, இவனுக்குத் தமிழ் தெரியாது. பய அவன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்துட்டான். நான் டீயக் குடிச்சேன். நல்ல டீ. இன்னைக்கு வரைக்கும் அப்பிடி ஒரு டீ குடிச்சதில்ல.

இங்கதான் நீ கவனிக்கணும், வழியனுப்புததுல ரெண்டு வழக்கம் இருக்கு. திரவியம் படி எறங்கினதும் ஸொஹ்ரா ஒரு செம்புத் தண்ணியக் கொண்டாந்து அவன் நடந்து போன தடத்துல ஊத்தினா. போறவன் நல்லபடியாத் திரும்பி வரணும்னு அர்த்தமாம். சாதாரண ஆளுக்கு அது. நான் எறங்கினதும் லக்தரு என்ன செஞ்சான் தெரியுமா? நான் குடிச்ச கிளாஸ எடுத்துட்டு வந்து, வாசல்க் கல்லுல ஓங்கிப் போட்டு ஒடைச்சான். நல்ல பூப்போட்ட கிளாஸு, அவன் கல்யாணத்துக்கு வந்த செட்டு. அதுல ஒண்ணு போனா செட்டே கெட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. நான் வாய் வச்ச கிளாஸுல இனி இன்னொருத்தன் வாய் வைக்கக் கூடாதுன்னு நெனைக்கான் பாரு. என்னடே இதுன்னு கமால்கிட்டக் கேட்டேன். வண்டிய எடுத்து ஊரத் தாண்டினான். அப்பறம் சொன்னான், 'இந்த ஊர்ல இதுவரைக்கும் வேற யாருக்கும் இப்பிடிச் செஞ்சதில்ல'ன்னு. என்ன மரியாத பாரு. நம்ம ஊர்ல பானை ஒடைக்கது வேற விசயத்துக்கு. ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு வழக்கம்.

கண்ணு என்ன ஆச்சுன்னு கேக்கியா? போச்சு. மாசக் கடைசியில ஷீல்டு வாங்கினப்பறம் நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன், அனுப்பலன்னு யாரும் சொல்லிறக் கூடாது. டாக்டர் கண்ணையே எடுக்கணும்னுட்டான். போர்டுல நம்பர் கொறையல. கேம்ப விட்டு ஓடிப் போயி வெளியாள் வீட்டுல தங்கினவனுக்கு நடந்தது நம்ம விபத்துல சேராதுன்னு எழுதிட்டேன், பாரீஸ்க்காரன் என் மூளையப் பாத்து அசந்துட்டான். கிரைண்டு பண்ண ஒரு கண்ணு போதும்லன்னு சொல்லிப் பாத்தேன், பய மெஷினத் தொட மாட்டேன்னுட்டான். ஊருக்கு ஏத்திவிட்டாச்சு. போகும்போது நான் என் கைக்காசப் போட்டு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுத்தேன். கறுப்புக் கண்ணாடி, ஸ்டிக்கர் கூடக் கிழிக்காதது. ஒரு நன்றி சொல்லணுமே, சொல்லல. அங்க ஏர்போர்ட்டுல பெஞ்சு மேலயே விட்டுட்டுப் போயிட்டான். அடுத்த கண்ணும் இப்ப மங்குதாம். கேள்விப்பட்டேன்.

லக்தரும் அதுக்கப்பறம் தண்ணி கொண்டாரதில்ல. வேற ஆள்ட்ட வாங்குதோம், உப்புத் தண்ணி. குளிச்சா தலைமுடி கம்பியா நிக்கும், பாத்துக்க. அவன் மேல எனக்குக் கோவமெல்லாம் கெடையாது. ஆனா ஊருக்குள்ள எனக்கு மதிப்பு ஏறிப் போச்சு, அதச் சொல்லணும். நான் டீக்கடைக்குள்ள காலெடுத்து வச்சாப் போதும், அத்தன பேரும் எந்திரிச்சிருவாங்க. எந்திரிச்சு வெளிய போயிருவாங்க. நான் வசதியா ஒக்காரணும்னுதான். சலாம் சொன்னா பதில் சொல்லத் தயங்குதான், கூச்சம். பிள்ளைங்க என்னக் கண்டா வீட்டுக்குள்ள ஓடிருது. உடன்குடியில எங்கய்யாவுக்குக்கூட இப்பிடி ஒரு மரியாத கெடச்சதில்ல.

வண்டி நிக்கி பாரு. இந்தா இதுதான் அந்த டீக்கடை, லக்தரோட தம்பி கடை. நான் எறங்கல. நான் எறங்கினா எல்லாரும் எந்திரிக்கணும், அவங்களுக்கு எதுக்குச் சிரமம். நீ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா. சலாம் சொல்ல மறந்துராத. வலது கையால வாங்கு.

வந்துட்டியா? என்ன, ஒரு கிளாஸுதான் இருக்கு. ரெண்டு கேட்டியா இல்லையா? கேட்டும் ஒண்ணுதான் குடுத்தானா. இருக்கும், இருக்கும். எனக்குக் குடுத்தா அப்பறம் ஒடைக்கணும்லா. கடையில கிளாஸு கொறச்சலாக் கெடக்கும், பாவம்.

நீ குடி. என்ன தம்பி, சீட்டுல வச்சுட்ட. சூடா இருக்கா? ஆத்திக் குடிக்க வேண்டியதுதானே. கைய ஏன் மடியில கட்டிக்கிட்ட? ஏன் அப்பிடிப் பாக்க? என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லு.

பாஸ்போர்ட்டா.

ஓகோ. பாஸ்போர்ட்டக் குடுத்தாத்தான் டீயத் தொடுவியோ. கமாலு, இங்க பாரப்பா, வந்த அன்னைக்கே பய வழக்கம் படிச்சுட்டான். திரும்ப மாட்டான் அவன், எப்பவும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பான், நல்ல டிரைவர்.

எனக்குக் கோவமில்ல சேர்மத்துரை. கெட்டிக்காரன்தான் நீ. ஆனா ஒண்ண விட்டுட்ட. இந்த வித்தை எல்லார்கிட்டயும் பலிக்காது தம்பி. மானத்துக்குப் பயந்தவன் வீட்டு வாசல்லதான் அது பலிக்கும். என்கிட்ட வந்து ஒக்காந்துக்கிட்டு, நீ பொழுதன்னைக்கும் குடிக்காமக் கெடந்தாலும் எனக்கென்ன வந்துச்சு?

குடிக்கலன்னா இங்கிட்டு நீட்டு. வீணா ஆறிப் போகுது. ம். லக்தரு வீட்டு டீ மாதிரியேதான் இருக்கு, சீனிதான் கொஞ்சம் கம்மி.